ட்ரிகர் மீன் வாங்கும் முன் அதன் வாயைப் பாருங்கள்

கோவையிலிருந்து வந்த கேள்வி இது. ஆறடி ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி), ஒன்றரை வருடமாக ஓடுகிறது. பெரும்பாலும் சாஃப்ட் கோரல் (மென்பவளம்), ஓரத்தில் சில எல்.பி.எஸ். (பெரிய பாலிப் கொண்ட கல் பவளம்) கோரல்கள். ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு டேங் (சர்ஜன் மீன்), ஐந்தாறு க்ரோமிஸ் மீன்கள், இரண்டு க்ளீனர் இறால், நத்தைகள், ஹெர்மிட் நண்டுகள். கடையில் மூன்று அங்குலத்தில் ஒரு க்ளவுன் ட்ரிகரைப் பார்த்திருக்கிறார். "குட்டியாக வாங்கி வளர்த்தால் பழகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? இல்லையென்றால் ரீஃபில் வைக்கக்கூடிய ட்ரிகர் எது? எப்படி வளர்ப்பது? ஜோடியாக வைக்கலாமா?"

க்ளவுன் ட்ரிகர் வேண்டாம். ப்ளூ ஜா ட்ரிகர் வாங்குங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்குக் காரணத்தையும் எழுதுகிறேன். அடுத்த முறை கடையில் வேறொரு ட்ரிகர் கண்ணில் படும்போது யாரையும் கேட்காமல் முடிவெடுக்கலாம்.

ட்ரிகர் குடும்பத்தில் சுமார் 40 இனங்கள் உண்டு. நம் கரையோரத்தில் கிளாத்தி என்று சொல்லும் கூட்டம்தான். உடல் அமைப்பு எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: பக்கவாட்டில் தட்டையான உடம்பு, கெட்டியான தகட்டுச் செதில்கள், தலையின் உச்சியை ஒட்டி வாயிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கும் கண்கள், சின்ன வாய், அதற்குள் பெரிய பற்கள். ஒவ்வொரு தாடையிலும் வெளிவரிசையில் எட்டுப் பற்கள். கண் அவ்வளவு பின்னால் இருப்பதற்குக் காரணம் உண்டு. அர்ச்சின் எனப்படும் கடல் முள்ளெலியைக் கடித்து உடைக்கும்போது அதன் முட்கள் கண்ணில் குத்தாது. வாயால் தண்ணீரைப் பீய்ச்சி முள்ளெலியைக் குப்புறக் கவிழ்த்து, முள் குறைவான அடிப்பக்கத்திலிருந்து தின்னும் இனங்களும் இருக்கின்றன. மணலை ஊதி அடியில் ஒளிந்திருக்கும் நண்டையும் சிப்பியையும் வெளியே எடுப்பதும் இதே வேலைதான்.

இந்தக் குடும்பத்தில் சில இனங்கள் மட்டும் வேறு வழியில் போயின. தரையில் உடைத்துத் தின்பதை விட்டுவிட்டு, பவளச் சரிவுகளுக்கு மேலே நீரோட்டத்தில் மிதந்து வரும் மிதவை உயிர்களைப் பொறுக்கித் தின்னும் பழக்கத்துக்கு வந்தன. அவற்றின் கீழ்த்தாடை சற்று முன்னே நீண்டு, வாய் மேல்நோக்கித் திறக்கும். ஆகவே நிறத்தையும் புள்ளிகளையும் பார்க்கும் முன் வாயைப் பாருங்கள். மேல்நோக்கிய வாய் என்றால் அது தண்ணீரில் மிதப்பதைத் தின்னும் மீன். ரீஃபில் வைப்பதைப் பற்றி யோசிக்கலாம். நேராகவோ கீழ்நோக்கியோ பார்க்கும் தடித்த வாய் என்றால் அது தரையைப் பதம் பார்க்கும் மீன்.

க்ளவுன் ட்ரிகர் இரண்டாவது வகை. கறுப்பு உடம்பில் பெரிய வெள்ளை வட்டங்களும் மஞ்சள் உதடுமாக, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அதைவிட அழகான மீன் அதிகம் இல்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது 50 செ.மீ. வரை வளரும். கடலில் அதன் சாப்பாடு முள்ளெலி, நண்டு, இறால், சிப்பி. உங்கள் தொட்டியில் சுத்தம் செய்ய வைத்திருக்கும் நத்தையும் ஹெர்மிட் நண்டும் இறாலும் அதற்குப் பரிமாறி வைத்த இலை. குட்டியில் வாங்கினால் பழகிவிடும் என்பது பாதி உண்மை: உங்களோடு பழகும், கையிலிருந்து வாங்கித் தின்னும், ஆளைப் பார்த்ததும் கண்ணாடிக்கு ஓடி வரும். தொட்டியில் உள்ள மற்றவற்றோடு பழகாது. முதல் ஓராண்டு சாதுவாகவே தெரியும். ஒருநாள் டேங்கின் வால் பாதி காணாமல் போயிருக்கும். அப்புறம் அதற்கென்று தனித் தொட்டி, அதுவும் பெரிய தொட்டி, கட்டவேண்டி வரும். அப்படித் தனித் தொட்டியில் ஒற்றையாக ஒரு க்ளவுன் ட்ரிகரை வளர்ப்பது அருமையான விஷயம். ரீஃபில் அல்ல.

அதைவிட மோசமானது அண்டுலேட்டட் ட்ரிகர், பச்சை உடம்பில் ஆரஞ்சு வரிகள் ஓடும் மீன். 1797இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் மங்கோ பார்க். பின்னாளில் ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்றைத் தேடிப்போனதற்காகப் பெயர் பெற்ற அதே ஸ்காட்லாந்துக்காரர்தான். சுமத்ராவில் பார்த்த மீன்களை அவர் விவரித்திருக்கிறார். இதன் பல்லுக்குத் தப்பியது எதுவும் இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கென்யக் கடற்கரையில் கடல் சூழலியலாளர் டிம் மெக்லனஹன் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகளில், முள்ளெலிகளின் பெருக்கத்தை அடக்கி வைப்பதில் இந்த மீனுக்குத்தான் பெரிய பங்கு என்று தெரியவந்தது. மீன்பிடியில் இது குறைந்த இடங்களில் முள்ளெலிகள் பெருகி, பவளத் திட்டையே அரித்துத் தின்றன. கடலில் பவளத்தைக் காப்பாற்றும் அதே பல்தான் உங்கள் வீட்டுத் தொட்டியை அழிக்கும். பிக்காசோ, க்வீன், டைட்டன், ப்ளூ லைன் எல்லாம் இதே வரிசை. டைட்டன் 75 செ.மீ. வரை போகும், முட்டையைக் காக்கும் காலத்தில் நீர்மூழ்குபவர்களையே துரத்திக் கடிக்கும் மீனை வீட்டில் வைக்கும் ஆசை யாருக்கும் வரக்கூடாது.

இனி வாங்கக்கூடியவை. முதலிடம், சந்தேகமில்லாமல், ப்ளூ ஜா. அறிவியல் பெயர் ஸாந்திக்திஸ் ஆரோமார்ஜினாட்டஸ். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து ஹவாய் வரை உண்டு. செங்குத்தான பவளச் சரிவுகளின் வெளிப்புறத்தில், பெரும்பாலும் 15 மீட்டருக்குக் கீழே, சின்னக் கூட்டங்களாக நீந்திக்கொண்டு மிதவை உயிர்களைத் தின்னும். அதிகபட்சம் 30 செ.மீ.; தொட்டியில் அதைவிடக் குறைவாகவே நிற்கும். ஆணுக்குக் கன்னத்திலும் தொண்டையிலும் பளிச்சென்ற நீலம், துடுப்புகளின் ஓரத்தில் மஞ்சள். பெண்ணுக்கு அந்த நீலம் கிடையாது. துடுப்பு ஓரம் கருஞ்சிவப்பாக இருக்கும். இரண்டுக்கும் சாம்பல் உடம்பில் வரிசையாகச் சின்னப் புள்ளிகள். கோரலைத் தொடாது. மீன்களை வம்புக்கு இழுக்காது. மற்ற ட்ரிகர்களுக்கு உள்ள அதே புத்தியும் அதே வேடிக்கையும் இதற்கும் உண்டு, ரௌடித்தனம் மட்டும் குறைவு.

இதே இனக்கூட்டத்தில் க்ராஸ்ஹேட்ச் ட்ரிகரும் உண்டு. ப்ளூ ஜாவைவிட அழகு, குணமும் அப்படியே. பசிபிக்கின் சற்றுக் குளிர்ந்த பகுதிகளைச் சேர்ந்தது. நம் ஊருக்கு எப்போதாவதுதான் வரும், வந்தால் விலை கேட்டே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். அட்லாண்டிக்கின் சார்காசம் ட்ரிகரும் இந்த வகைதான். இங்கே கிடைத்தால் அதிர்ஷ்டம்.

நைஜர் ட்ரிகர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் பல நேரம் கடையில் ப்ளூ ஜா இருக்காது, நைஜர் இருக்கும். "அதுவும் ரீஃப் மீன்தான் சார்" என்று தள்ளிவிடுவார்கள். கருநீல உடம்பு, பிறை போன்ற வால், வளர்ந்ததும் வெளியே தெரியும் சிவப்புப் பற்கள். வாயும் மேல்நோக்கித்தான் இருக்கும். மாலத்தீவின் சரிவுகளில் நூற்றுக்கணக்கில் கூட்டமாக நின்று மிதவை உயிர்களைத் தின்னும். நம் தென்மேற்குக் கரையில் இழுவலைகளில் டன் கணக்கில் விழுந்து, பெரும்பகுதி மீன்மாவுக்குப் போகும் கிளாத்தியும் இதுதான். ஆனால் இது 50 செ.மீ. வரை வளரும் மீன். மிதவை உயிரோடு கடற்பஞ்சுகளையும் தின்னும். ஓயாமல் வேகமாக நீந்தும். கல்லை நகர்த்தும், ஒட்டிவைத்த கோரல் துண்டைப் பிடுங்கி மூலையில் போடும். சில மீன்கள் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக இருக்கும், சில பெரிதானதும் தொட்டியை ஆளத் தொடங்கும். எட்டடித் தொட்டி இருப்பவரிடம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆறடியில் வைக்கச் சொல்லவும் மாட்டேன்.

மெலிக்திஸ் இனத்தைச் சேர்ந்த பிங்க் டெயில், ப்ளாக் ட்ரிகர், இந்தியன் ட்ரிகர் மூன்றும் நடுவாந்தரம். பாசியும் மிதவை உயிரும் அவற்றின் முக்கிய உணவு. கோரலுக்கு ஆபத்தில்லை, இறாலுக்கும் நண்டுக்கும் உத்தரவாதமில்லை.

தொட்டி அளவு. நான்கடித் தொட்டியில், அதாவது 4×1.5×1.5 அடி, சுமார் 255 லிட்டரில், எந்த ட்ரிகரும் வேண்டாம். உங்களுடையது 6×2×2 என்றால் கிட்டத்தட்ட 680 லிட்டர். ப்ளூ ஜாவுக்குத் தாராளம். உயரத்தைவிட நீளமும் அகலமும் முக்கியம். முதுகுத் துடுப்பையும் அடித் துடுப்பையும் அலை அலையாக அசைத்து நீந்தும் மீன் இது; வாலை அவசரத்துக்குத்தான் பயன்படுத்தும். நிதானமாகப் போய்வர நேர்வழி வேண்டும்.

கல் அமைப்பில் அது முழுதாக நுழைந்துகொள்ளும் அளவுக்கு இரண்டு மூன்று பொந்துகளாவது இருக்கட்டும். இந்த மீன் தூங்குவதும் பயந்தால் ஒளிவதும் பொந்தில்தான். உள்ளே போனதும் முதுகின் முதல் முள்ளை நிமிர்த்தும். இரண்டாவது முள் அதைப் பின்னாலிருந்து பூட்டிவிடும். அந்த இரண்டாவது முள்ளை அழுத்தினால்தான் முதலாவது மடங்கும். துப்பாக்கி விசைபோல் வேலை செய்வதால்தான் ட்ரிகர் என்று பெயர். பூட்டிய நிலையில் வாலைப் பிடித்து இழுத்தால் மீன்தான் கிழியும், வெளியே வராது. கற்களை மணலின் மேல் வைக்காமல் அடிக் கண்ணாடியின் மேல் உட்கார வைத்து, எபாக்ஸியோ சிமென்டோ போட்டுப் பிணைத்துவிடுங்கள். மணலைத் தோண்டினாலும் சரியாது.

கல் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து லைவ் ராக் (உயிரினங்கள் ஒட்டி வாழும் கடற்கல்) கொண்டுவந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பாறை கட்டும் பவளங்கள் 2001இலிருந்து 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. கடலில் வெட்டியெடுத்த பவளக் கல்லை வீட்டில் வைத்திருந்தாலே வழக்கு. உலர்ந்த செயற்கைக் கல்லை வாங்கி மூன்று நான்கு மாதம் ஓடவிட்டால் அதுவும் உயிர் பிடித்துவிடும்.

கடையில் மீனைத் தேர்வு செய்யும்போது அவசரம் கூடாது. ப்ளூ ஜா ஆழத்தில் பிடிக்கப்படும் மீன். வேகமாக மேலே இழுத்திருந்தால் காற்றுப்பை பழுதாகியிருக்கும். தலைகீழாகச் சாய்வது, மேலே மிதந்துகொண்டு கீழே போகத் திணறுவது, வயிறு ஒரு பக்கம் உப்பியிருப்பது இவற்றில் எது இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஆனால் மூலையில் பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருந்தால் மட்டும் பயப்படவேண்டாம், ட்ரிகர்கள் அப்படிப் படுப்பது வழக்கம். விரலால் கண்ணாடியைத் தொட்டால் கண் உருண்டு உங்களைப் பார்க்கவேண்டும். இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழலும். அந்தப் பார்வை துறுதுறுவென்று இருந்தால் மீன் நலம். தலைக்குப் பின்னால் முதுகு ஒட்டி, வயிறு உள்வாங்கியிருந்தால் பல நாள் பட்டினி கிடந்த மீன். மூச்சு வேகமாக வாங்கினால் செவுளில் ஒட்டுண்ணி இருக்கலாம். கடைசியாக, சாப்பிட வைத்துக் காட்டச் சொல்லுங்கள். உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர்) போட்டால் ஓடிவந்து பிடிக்கவேண்டும். "நேற்றுதான் வந்தது சார், நாளைக்குச் சாப்பிடும்" என்றால் நாளைக்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். அளவு மூன்றிலிருந்து ஐந்து அங்குலம் சரி. அதைவிடப் பெரியது புது இடத்தில் சாப்பிட அடம்பிடிக்கும்.

வலையில் பிடிக்க விடாதீர்கள். முள் வலையில் சிக்கினால் மீனும் காயப்படும், வலையும் போகும். ப்ளாஸ்டிக் டப்பாவுக்குள் ஓட்டிப் பிடிப்பதுதான் முறை. கையை வைத்து உதவப் போகாதீர்கள், சின்ன மீனின் கடியும் ரத்தம் வரவைக்கும். சென்னை கொளத்தூர் மீன் கடைகளிலிருந்து இரவுப் பேருந்தில் பார்சலாக வரவழைப்பதாக இருந்தால் பையை இரட்டையாகவோ மூன்றாகவோ போடச் சொல்லுங்கள். முள்ளும் பல்லும் ஒற்றைப் பையைப் பொத்துவிடும். வந்து சேர்ந்த பையை மணிக்கணக்கில் சொட்டு சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்கும் பழக்கம் நம்மிடம் பலருக்கு உண்டு. நெடுநேரம் பயணம் செய்த பைக்கு அது ஆகாது. பை மூடியிருக்கும்வரை மீன் விட்ட கரியமில வாயுவால் பி.எச். குறைந்து, அம்மோனியா அவ்வளவாக உறைக்காத வடிவில் இருக்கும். திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அம்மோனியா விஷமாகும். அதனால் கடைத் தண்ணீரின் உப்பளவை முன்கூட்டியே கேட்டுத் தனிமைத் தொட்டியை (புது மீனை முதலில் தனியே வைத்திருக்கும் தொட்டி) அதே அளவில் தயார் செய்து, வெப்பநிலை சமமானதும் பையைத் திறந்து மீனை மட்டும் மாற்றிவிடுவது நல்லது.

தனிமைத் தொட்டி என்று சொன்னதும் பலருக்கு முகம் சுருங்கும். ரீஃபில் இதைத் தவிர்க்க முடியாது. வெண்புள்ளி, வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய்கள் வந்தால் நம்பி இறங்கக்கூடிய மருந்து செம்பு. ஆனால் செம்பு கோரலையும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். ரீஃபில் நோய் நுழைந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து, தொட்டியை மீனில்லாமல் போடவேண்டும். வெண்புள்ளிக்கு 76 நாள் என்பது மீன் வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஆறடித் தொட்டியில் பொந்தில் பூட்டிக்கொள்ளும் மீனைப் பிடித்து வெளியே எடுப்பதை நினைத்துப் பாருங்கள். அதற்கு முன்னாலேயே 150 லிட்டர் சாதாரணத் தொட்டி ஒன்று, நன்கு பழகிய (கழிவை முறிக்கும் பாக்டீரியா குடியேறிய) ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று பி.வி.சி. குழாய்கள் போதும். கல்லும் மணலும் போடாதீர்கள், செம்பை உறிஞ்சிவிடும். நல்லவேளையாக ட்ரிகர்கள் செம்பைத் தாங்கும். எந்த வகைச் செம்பு என்பதைப் பொறுத்து அளவு பல மடங்கு மாறும் என்பதால் பாட்டிலில் உள்ளபடி போட்டு, தினமும் சோதித்து, 30 நாள் நிலையாக வைத்திருங்கள். செவுள் புழுக்களுக்கு பிராசிகுவான்டெல் என்ற புழுக்கொல்லி மருந்து தனியாக. இந்த ஒரு மாதத்தில் இன்னொரு லாபமும் இருக்கிறது. மீன் உங்களிடம் சாப்பிடப் பழகிவிடும், போட்டியே இல்லாமல்.

பெரிய தொட்டிக்கு மாற்றியதும் முதல் சில நாட்கள் மீன் கண்ணிலேயே படாமல் போகலாம். பொந்தில் வால் மட்டும் தெரியும். கல்லைத் தூக்கிப் பார்க்காதீர்கள். விளக்கைக் குறைத்து, வழக்கமான நேரத்தில் சாப்பாடு போட்டுக்கொண்டிருங்கள். பசி வெளியே கொண்டுவந்துவிடும்.

இறால் விஷயம் உங்களுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். உங்கள் க்ளீனர் இறால்கள் ஏற்கெனவே தொட்டியில் இருப்பது பெரிய சாதகம். வளர்ந்த இறால் ஓரிடத்தில் நின்று மீன்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தால், பின்னால் வரும் ப்ளூ ஜா அதைச் சாப்பாடாக நினைப்பது அரிது. ஆபத்து தலைகீழாக நடக்கும்போதுதான். ப்ளூ ஜா குடியேறிய பிறகு பையிலிருந்து புது இறாலை ஊற்றினால், மேலிருந்து மிதந்து இறங்கும் அந்த இறால் தினமும் வரும் சாப்பாட்டைப் போலவே தெரியும். பின்னால் இறால் சேர்க்கவேண்டி வந்தால், மீனுக்கு வயிறு நிறையப் போட்டுவிட்டு, விளக்கணைந்து அது பொந்துக்குப் போனபின், ஒரு குழாய் வழியாகக் கல்லின் அடியில் விடுங்கள். சின்ன பெப்பர்மின்ட் இறாலுக்கும் சட்டை உரித்த இறாலுக்கும் நான் உறுதி சொல்லமாட்டேன். நத்தைகளும் ஹெர்மிட்களும் பெரும்பாலும் தப்பிக்கும்; ஒன்றிரண்டு குறைந்தால் அதிர்ச்சியடையாதீர்கள். குழாய்ப்புழுக்களையும் சில ப்ளூ ஜா கொத்திப் பார்ப்பதுண்டு.

சாப்பாட்டில் கஞ்சத்தனம் செய்தால்தான் நல்ல ட்ரிகரும் கெடும். கடலில் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருந்த மீன் இது. தினம் இரண்டு மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. மைசிஸ், பெரிய ஆர்ட்டீமியா, கடல்மீன்களுக்கான தரமான குருணைத் தீனி அடிப்படை. மீன் சந்தையிலிருந்து பச்சை இறால், மட்டி, கணவாய் வாங்கி, நல்ல தண்ணீரில் அலசி, ஒரு வாரமாவது உறையவைத்த பின் பொடியாக நறுக்கிப் போடலாம். வாரம் ஒன்றிரண்டு முறை ஓட்டோடு உடைத்த மட்டியோ தலையோடு இறாலோ கொடுத்தால் பற்கள் தேயும். வளர்ந்துகொண்டே இருக்கும் பற்களுக்கு இது வேண்டும். கல்லில் ஒட்டும் நோரி பாசித் தாளையும் சிலது விரும்பித் தின்னும். கப்பி, கோல்டுஃபிஷ் போன்ற நன்னீர் மீன்களை உயிரோடு போட்டு வேடிக்கை பார்ப்பது வேண்டாம். ஊட்டமும் இல்லை, வேட்டைப் பழக்கத்தையும் கிளப்பிவிடும்.

அவ்வளவு சாப்பாடு போட்டால் அவ்வளவு கழிவும் வரும். இங்கேதான் ட்ரிகரும் கோரலும் மோதுகின்றன. ப்ளூ ஜா நைட்ரேட்டைத் தாங்கும், கோரல் தாங்காது. உங்கள் தண்ணீர் கொள்ளளவுக்கு எழுதியிருப்பதைவிட ஒரு படி பெரிய ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவி) போடுங்கள். சம்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) கீட்டோமார்ஃபா பாசி வளர்க்க ஓர் அறை இருந்தால் நல்லது. நைட்ரேட் 10 பி.பி.எம். அளவிலும் பாஸ்பேட் 0.1க்குக் கீழும் நின்றால் உங்கள் சாஃப்ட் கோரல்களுக்குக் கவலையில்லை. உப்புத்தண்ணீரின் ஒப்படர்த்தி 1.025, காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச்., கால்சியம் 420 பி.பி.எம். சுற்றுவட்டாரம், வெப்பம் 25 முதல் 26 டிகிரி. கோவையின் குளிர்ச்சியை நம்பி ஏப்ரல், மே மாதங்களைச் சில்லர் இல்லாமல் ஓட்டிவிடலாம் என்று எண்ணாதீர்கள். விளக்கும் பம்பும் சேர்த்துத் தொட்டி 30ஐத் தாண்டும். சிறுவாணித் தண்ணீர் குடிக்கத்தான் ருசி, அதிலும் குளோரின் உண்டு. ஆர்.ஓ.டி.ஐ. (கரைந்த உப்புகளையும் நீக்கும் சுத்திகரிப்பான்) வழியாக வந்த தண்ணீரில்தான் உப்பு கலக்கவேண்டும். மின்சாரம் போனால் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை இன்றே வாங்கிவிடுங்கள், ட்ரிகர் வாங்காவிட்டாலும்.

ஹீட்டரையும் தளர்ந்த வயர்களையும் தொட்டியிலிருந்து சம்புக்கு மாற்றுங்கள். ப்ளூ ஜா வயர் கடிக்கும் மீனல்ல, ஆனால் ட்ரிகர் பல்லும் மின்சாரமும் ஒரே தண்ணீரில் இருப்பது நல்லதில்லை. மேலே மெல்லிய வலை மூடி கட்டாயம். பயந்தால் துள்ளி வெளியே விழும். பழகிய மீன் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீரைத் துப்பும் என்பதால் விளக்கையும் ஓரடி உயர்த்திக் கட்டுங்கள். சில நேரம் உறுமல் போல ஒரு சத்தம் கேட்கும், பிடிக்கும்போது நன்றாகவே கேட்கும். உடம்புக்கு ஒன்றும் இல்லை, ட்ரிகர்கள் எல்லாமே அப்படித்தான்.

உடன் வசிக்கும் மீன்களில் உங்கள் டேங், க்ளவுன் ஜோடி, க்ரோமிஸ் எல்லாம் சரி. டேங் மட்டும் புது வரவை முதல் வாரம் துரத்திப் பார்க்கும். ட்ரிகரைக் கடைசியாகச் சேர்ப்பதால் அது நடந்தே தீரும், ஓரிரு கற்களை இடம் மாற்றி வைத்தால் எல்லைச் சண்டை தணியும். விரல்கடை அளவு கோபி மீன்களையும் கடல்குதிரைகளையும் சேர்க்காதீர்கள். வேறெந்த ட்ரிகரையும் கூடவே கூடாது.

அதற்கு விதிவிலக்கு நீங்கள் கேட்ட ஜோடி மட்டும். ப்ளூ ஜா கடலில் ஓர் ஆணும் சில பெண்களுமாக வாழும் மீன் என்பதால், ஆறடித் தொட்டியில் ஓர் ஆண், ஒரு பெண் வைக்கலாம். நிற வித்தியாசம் தெளிவாக இருப்பதால் கடையிலேயே பிரித்தறியலாம்; நீலத் தொண்டை உள்ளவை இரண்டைச் சேர்த்து எடுத்தால் ஒன்றுதான் மிஞ்சும். பெண் கொஞ்சம் சின்னதாக இருக்கட்டும். இரண்டையும் ஒரே தனிமைத் தொட்டியில் போட்டு ஒரே நாளில் மாற்றுங்கள். முடியாமல் தனித்தனியாக வாங்க நேர்ந்தால் பெண்ணை முதலில் விட்டு, அது நிலைகொண்ட பின் ஆணை விடுங்கள். ஒன்றுதான் கட்டுப்படியாகும் என்றால் என் தேர்வு பெண்தான். ஆணின் நீலம் இல்லை, ஆனால் இறாலிடம் அதைவிடச் சாது, விலையும் பெரும்பாலும் குறைவு. கடைகளில் பெண் மீனைக் கேட்பவர் குறைவு என்பதால் இறக்குமதியாளர் அதைத் தனியாக வரவழைக்கமாட்டார்; அடுத்த சரக்கில் ஒன்று சேர்த்து எடுக்கும்படி இப்போதே முன்பணம் கொடுத்துச் சொல்லிவையுங்கள், அது வருவதற்குள் தனிமைத் தொட்டியின் ஸ்பாஞ்ச் ஃபில்டரை உங்கள் சம்பில் போட்டுப் பழக்கிவிடலாம்.